பெயின்ட் டப்பாவும் பேரேடும்

ஒரு கப்பலைத் திருடுவதற்கு என்னென்ன தேவை?

நம்மூர் சரித்திர நாவல்களில் ஊறியவர்களைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். நீளமான ஒரு வாள், அதைவிட நீளமான நூலேணி, அமாவாசை இரவு, எதிரிக் கப்பலின் மேல்தளத்தில் கோபித்துக்கொண்டு நிற்கும் ஓர் அழகி. 1880-ல் நிஜமாகவே ஒரு நீராவிக் கப்பலைத் திருடிக்கொண்டு போனவர்களிடம் இதில் எதுவும் இருக்கவில்லை. இருந்தவை: ஒரு பணக்காரத் தோரணை, சில போலி ஆவணங்கள், கொஞ்சம் பெயின்ட்.

கப்பலின் பெயர் ஃபெர்ரெட். கீரி மாதிரி இருக்கும் ஒரு பிராணியின் பெயர். சொந்தக்காரர், ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் ரயில்வே கம்பெனி. 'மனைவிக்கு உடம்பு சரியில்லை, மத்தியதரைக் கடல் காற்று வாங்கினால் தேவலை' என்று சொல்லி ஒருவர் ஆறு மாத வாடகைக்கு எடுத்தார். பெயர் ஸ்மித் (வேறென்ன?). நவம்பரில் ஜிப்ரால்டரைத் தாண்டும்போது, 'நான்தான் ஃபெர்ரெட், உள்ளே போகிறேன்' என்று கரைக்குக் கொடிகாட்டிச் சொல்லிவிட்டே போனார்கள். இருட்டினதும் விளக்குகளை அணைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி அட்லாண்டிக்குக்குள் நழுவினார்கள். கப்பலின் பெயர் எழுதிய படகுகளையும் பீப்பாய்களையும் கடலில் வீசிவிட்டுப் போனதில், பார்த்தவர்கள் 'பாவம், முழுகிப்போச்சு' என்று முடிவுகட்டினார்கள்.

அப்புறம் பெயின்ட் வேலை. ஃபெர்ரெட், 'பான்டம்' ஆனது. பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்தில் மார்செய்ல்ஸுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி ஏறக்குறைய நாலாயிரம் மூட்டை காபிக்கொட்டை ஏற்றிக்கொண்டார்கள். மார்செய்ல்ஸ் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. காபியை கேப்டவுனில் விற்றுக் காசாக்கினார்கள். அதற்குள் கப்பலுக்கு மூன்றாவது பெயர். என்ன பெயர் தெரியுமா? 'இந்தியா'. நாம் பெருமைப்படுவதா, சண்டைக்குப் போவதா தெரியவில்லை.

1881 ஏப்ரலில் 'இந்தியா' ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்கு வந்து நின்றது. கப்பலையே விற்றுவிடப் பேரம் பேசினார்கள். அங்கேதான் மாட்டினார்கள். பீரங்கிக் கப்பல் துரத்தவில்லை, யாரும் நூலேணியில் ஏறவில்லை. துறைமுகத்தில் சிலருக்குச் சந்தேகம் தட்டியது. கப்பல்களின் பேரேட்டைப் புரட்டினார்கள். இந்த நீள அகலத்தில் 'இந்தியா' என்று எதுவும் அதில் இல்லை. பொருந்தி வந்த ஒரே கப்பல், முழுகிப்போனதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஃபெர்ரெட். சுங்க அதிகாரிகள் ஏறிக் கைப்பற்றினார்கள். இரண்டு பேருக்கு ஏழு வருஷம், கேப்டனுக்கு மூன்றரை வருஷம். கப்பல் மட்டும் யோக்கியமாக 1920 வரை உழைத்து, தென் ஆஸ்திரேலியக் கரையில் தரைதட்டி உயிரை விட்டது.

இந்தக் கதையை இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னதற்குக் காரணம், இதில் ஹீரோ யார் என்று யோசித்ததுதான். ஹீரோ அந்தப் பேரேடு.

* * *

இப்போது நம் கடல் கதைகளுக்கு வருவோம். தமிழில் கடல் என்றவுடன் நினைவுக்கு வருவது சாண்டில்யனின் 'கடல் புறா'. அறுபதுகளில் குமுதத்தில் தொடராக வந்து, மூன்று பாகப் புத்தகமாகி, இன்றைக்கும் மறுபதிப்பு கண்டுகொண்டிருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்து வீடுகளில் வாராவாரம் தொடரைக் கிழித்துச் சேர்த்து, தடி அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள். அதை இரவல் வாங்குவதற்குப் பெண் கேட்கிற மாதிரிப் பேச வேண்டும்.

கருணாகரத் தொண்டைமான் என்கிற இளையபல்லவன், சோழப் படைத்தலைவன். சீனக் கடற்கொள்ளைக்காரன் அகூதாவிடம் தொழில் படிக்கிறான். பறவை வடிவத்தில் ஒரு கப்பல், ஸ்ரீவிஜயத்துக்கு எதிராகச் சாகசங்கள், காஞ்சனாதேவி, மஞ்சளழகி. இதில் ரசிக்க நிறைய இருக்கிறது. காற்று, நீரோட்டம், பாய் என்று எழுதி, கடலைப் பார்த்தேயிராத வாசகனையும் கப்பலில் ஏற்றிவிடும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. வயல்காட்டு மனிதர்களுக்கு உப்புக்காற்றை அறிமுகப்படுத்தியதற்கு நன்றி சொல்ல வேண்டும். கிண்டல் இல்லை, நிஜமாகவே.

என் புகார் வேறு. 'கடல் புறா'வும் அதன் வழியில் வந்தவைகளும் கடலில் நடக்கும் எல்லாவற்றையும் வீரமாக மாற்றிவிடுகின்றன. நம்மவன் ஒரு கப்பலைக் கைப்பற்றினால் வெற்றி, எதிரி கைப்பற்றினால் கொள்ளை. அந்தக் கப்பல் யாருடையது, அதில் ஏற்றியிருந்த சரக்கு எந்த வியாபாரியுடையது, சரக்கு போய்ச் சேராததால் எந்த ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற கேள்விகளே எழுவதில்லை. துறைமுகம் வருகிறது, சுங்கம் வசூலிப்பவன் வருவதில்லை. வந்தாலும் பத்து நிமிஷத்தில் வாளுக்கு இரையாகிவிடுவான். கணக்கப்பிள்ளை என்று ஒரு ஜீவன் கப்பலிலேயே கிடையாது. இத்தனைக்கும், சுங்கம் தவிர்த்தான் என்று பட்டம் சூட்டப்பட்ட குலோத்துங்கன் காலத்துக் கதை. பட்டமே வரிக்கணக்கில் வந்தது. கதையில் மட்டும் கணக்கு இல்லை.

"நாவல்ல போய் யாரு சார் கணக்கு பார்ப்பாங்க?" என்று கேட்கலாம். கணக்குப் பார்த்திருந்தால் கதை இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும் என்பதுதான் என் கட்சி. ஃபெர்ரெட் கதையில் ஒரு துளி ரத்தம் இல்லை. ஆனாலும் கேப்டவுனில் காபி விலைபோகும் இடத்தில் நீங்கள் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே படித்தீர்கள்?

* * *

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் சட்டத்துக்குப் பல் முளைத்தது பீரங்கியால் மட்டும் அல்ல. இங்கிலாந்தின் 1854-ம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பிறகு, பதிவான ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலுக்கும் ஓர் எண் வந்தது. பெயரை மாற்றலாம், சொந்தக்காரர் மாறலாம், எண் மாறாது. பெயின்டில் எழுதினால் அழித்துவிடுவார்கள் என்று, கப்பலின் பிரதான உத்தரத்தில் செதுக்க வைத்தார்கள். நம் வீட்டு உத்தரத்தில் கிரகப்பிரவேசத் தேதி செதுக்குவோமே, அதுபோல. திருடன் முதலில் உளியை எடுக்க வேண்டிய இடம் அதுதான்.

சென்னையில் 1801-ல் வந்த சுப்ரீம் கோர்ட்டுக்கே கடல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. 1862-ல் அது உயர் நீதிமன்றத்துக்குக் கைமாறியது. இப்போதைய கட்டடம் 1892-ல் திறக்கப்பட்டு, இரண்டு வருஷம் கழித்து அதன் உச்சிக் கோபுரத்திலேயே கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். 1977 வரை அது எரிந்தது. கீழே நீதிபதி, மேலே விளக்கு. எந்த சரித்திர நாவலாசிரியரும் இதைவிடப் பொருத்தமான ஒரு காட்சியைக் கற்பனை செய்திருக்க முடியாது. ஆனால் யாரும் உபயோகப்படுத்தவில்லை.

கடல் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. கப்பலே பிரதிவாதி. சொந்தக்காரன் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டாம், கப்பலைக் கைது செய்யலாம். வாரன்ட்டை அதன் மேல் ஒட்டினால் போதும், நகரக்கூடாது. இதற்கு நம் நீதிமன்றங்கள் ஆதாரமாக வைத்துக்கொண்டிருந்தது 1861-ல் லண்டனில் போட்ட சட்டம். லண்டன்காரர்கள் பல தடவை மாற்றிக்கொண்ட பிறகும் நாம் விடவில்லை. 1992-ல் 'எம்.வி. எலிசபெத்' என்ற கப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. அதற்கப்புறமும் கால் நூற்றாண்டு நிதானமாக யோசித்து 2017-ல் சொந்தச் சட்டம் இயற்றினோம். 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

இந்தத் தாமதத்துக்கு விலை என்ன? 1999 அக்டோபரில் சுமத்ராவிலிருந்து ஜப்பானுக்கு ஏழாயிரம் டன் அலுமினியத்தோடு கிளம்பிய 'அலான்ட்ரா ரெயின்போ' கப்பலைக் கொள்ளைக்காரர்கள் பிடித்தார்கள். பதினேழு மாலுமிகளை ஒரு ரப்பர் மிதவையில் இறக்கிக் கடலில் விட்டுவிட்டார்கள். பத்து நாள் கழித்து ஒரு தாய்லாந்து மீன்பிடிப் படகு அவர்களைக் காப்பாற்றியது. கப்பல்? அதேதான், பெயின்ட். பெயர் 'மெகா ராமா' ஆகியிருந்தது, மாஸ்டில் பெலீஸ் நாட்டுக் கொடி. ஃபெர்ரெட்டுக்கு நூற்றுப்பத்தொன்பது வருஷம் கழித்தும் திருட்டில் ஒரு முன்னேற்றமும் இல்லை. மாட்டியதும் அதே விதம்தான். 'அப்படி ஒரு கப்பல் எங்கள் பேரேட்டில் இல்லை' என்றது பெலீஸ். நவம்பர் 16-ல் நம் கடலோரக் காவல்படையின் 'தாராபாய்' கப்பலும் கடற்படையின் 'பிரஹார்' கப்பலும் அதை மடக்கின. கொள்ளைக்காரர்கள் கப்பலை மூழ்கடிக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. உலகமே கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்தபின் வழக்கு வந்தது. கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் அன்று நம்மிடம் கிடையாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளையும் வெள்ளைக்காரன் காலத்துக் கடல் சட்டங்களையும் ஒட்டுப்போட்டு நடத்தினார்கள். 2003-ல் மும்பையில் பதினான்கு பேருக்கு ஏழு வருஷம் தண்டனை. 2005-ல் மேல்முறையீட்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்துவிட்டது. கடற்கொள்ளைத் தடுப்புக்கு ஒரு தனிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022-ல்.

துப்பாக்கி தன் வேலையைச் செய்தது, காகிதம்தான் கைவிட்டது. இதைப் படித்து ஆச்சரியப்படுகிறவர்கள் 'கடல் புறா' வாசகர்களாக மட்டுமே இருக்க முடியும்.

* * *

மன்னார்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது சிரித்தார். "கடலுக்கும் நமக்கும் என்ன தம்பி சம்பந்தம்? மேட்டூர்ல தண்ணி தொறந்தானா, ஆத்துல வந்துச்சா, நடவு நட்டமா. அதானே நம்ம பொழப்பு?"

டெல்டாவே இப்படித்தான் மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் வரும் திசை அது. முதுகுப்பக்கம் கடல் இருப்பதே மறந்துபோகிறது. மன்னார்குடிக்குள் ஓடும் பாமணியாறு முத்துப்பேட்டைக் காயலுக்குத்தான் போய்ச் சேர்கிறது. முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். நம் நெல்லும் அரிசியும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இலங்கைக்குப் போனது. 'ரஜூலா' கப்பல் 1973 வரை நாகப்பட்டினத்தில் ஆளேற்றிப் பினாங்குக்குப் போய்வந்தது. ரஜூலாவில் வந்த டிரங்குப்பெட்டி இன்னும் சில வீட்டுப் பரண்களில் இருக்கிறது.

ரஜூலாவுக்கு முன்னால் போனவர்கள்தான் நம் கதையில் விட்டுப்போன அத்தியாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர்க் கரையில் கப்பல் திருட்டு பெரிய பிரச்னையாக இருக்கவில்லை. இங்கே திருடுபோனது ஆள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு, பிரெஞ்சுக்காரர்களின் காரைக்காலிலிருந்து ரியூனியன் தீவுக்கு. பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் பாதி, ஆசைகாட்டிக் கூட்டிப்போனது பாதி. சந்தையிலும் திருவிழாவிலும் சத்திரத்துத் திண்ணையிலும் ஆள் பிடிக்கும் தரகர்கள் இருந்தார்கள். 1870-ல் தஞ்சாவூர் ஜில்லாவின் சப்-கலெக்டராக இருந்த வெள்ளைக்காரரே, பினாங்குக்கு ஆள் கடத்துவது ஓர் ஒழுங்கான தொழிலாக நடக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதினார். அதற்கப்புறம்தான் எழுபதுகளில் சட்டங்கள் வந்தன. ஆட்களைப் பதிவு செய்ய வேண்டும், விருப்பப்பட்டுத்தான் போகிறாரா என்று கேட்க வேண்டும் என்றெல்லாம் விதித்தார்கள். அந்த ஒப்பந்தக்கூலி முறை மலாயாவில் ஒழிய 1910 ஆயிற்று.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஃபெர்ரெட்டுக்குச் செதுக்கிய எண் இருந்தது. அது காணாமல் போனால் தேட ரயில்வே கம்பெனி இருந்தது, இன்ஷூரன்ஸ்காரன் இருந்தான், மெல்போர்னில் புரட்டுவதற்குப் பேரேடு இருந்தது. நீடாமங்கலம் சந்தைக்குப் போன ஒருவன் சாயங்காலம் திரும்பவில்லை என்றால் எந்தப் பேரேட்டில் தேடுவது? அவனை ஏற்றிக்கொண்டு போன கப்பலின் காகிதங்கள் சுத்தமாக இருந்தன. பெயின்ட் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சட்டம் கப்பலின் பெயரை மாற்றியவனுக்கு ஏழு வருஷம் கொடுத்தது. மனிதனின் பெயரை மாற்றி எழுதியவன் அடுத்த கப்பலுக்கு ஆள் பிடிக்கப் போய்விட்டான்.

இது எவ்வளவு பெரிய நாவல்! யார் எழுதினார்கள்?

* * *

அமிதவ் கோஷ் எழுதினார். ஆனால் கல்கத்தாவை வைத்து, ஆங்கிலத்தில். 2008-ல் வந்த 'ஸீ ஆஃப் பாப்பீஸ்' நாவலில் 'ஐபிஸ்' என்று ஒரு கப்பல். முன்பு அடிமைகளை ஏற்றிய கப்பல், 1838-ல் போஜ்புரிக் கூலிகளையும் கைதிகளையும் மொரீஷியஸுக்கு ஏற்றிப் போகிறது. புயல் உண்டு, சவுக்கடி உண்டு, காதல் உண்டு. ஆனால் திருப்பங்களெல்லாம் காகிதத்தில் நடப்பதைக் கவனித்தீர்களா? ஸக்கரி என்ற மாலுமியின் தலையெழுத்து, மாலுமிகள் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'கறுப்பு' என்று எழுதியிருக்கும் ஒரு சொல்லில் இருக்கிறது. ராஜா நீல் ரத்தன் கப்பலேறுவது கள்ளக் கையெழுத்துக் குற்றத்துக்காக. கலுவா என்ற வண்டிக்காரன் பெயர் சொல்ல, அதிகாரி காதில் அது வேறாக விழுந்து 'மேடோ கால்வர்' ஆகிவிடுகிறான். அந்த ஜனங்களுக்கே 'கிர்மிட்டியா' என்றுதான் பெயர். 'அக்ரிமென்ட்' சிதைந்து கிர்மிட். காகிதத்தால் ஆன மனிதர்கள்.

குறை இல்லாத நாவல் என்று சொல்லமாட்டேன். கடல்மொழி, கப்பல்மொழி, கல்கத்தா ஆங்கிலம் என்று வார்த்தைகளின் மேல் அவருக்கு இருக்கும் மோகம் சில பக்கங்களில் மூச்சுமுட்டுகிறது. கடைசிப் பகுதியில் எல்லோரும் எல்லோரையும் சரியான சமயத்தில் சந்தித்துக்கொள்வது, அசல் தமிழ் சினிமா. சாண்டில்யனே கொஞ்சம் யோசித்திருப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் கோஷ் அசைக்கமுடியாத இடத்தில் நிற்கிறார். கப்பலின் கேப்டனுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரம் எவ்வளவு, கரையில் குற்றமாவது கப்பலில் எப்படி நியாயமாகிறது என்பதை அவர் கூலியின் கண்ணால் பார்க்கிறார். அதனால்தான் அந்தச் சவுக்கடி வலிக்கிறது. 'கடல் புறா'வில் எத்தனையோ பேர் செத்தும் நமக்கு வலித்ததில்லை.

தமிழில் விதிவிலக்கே இல்லையா என்றால், ப.சிங்காரம் இருக்கிறார். 1972-ல் வந்த 'புயலிலே ஒரு தோணி'யில் மெடான், பினாங்கின் வட்டிக்கடைகள், அடுத்தாள்கள், பெட்டியடிப் பையன்கள் எல்லாம் வருகிறார்கள். கணக்குத் தெரிந்த எழுத்து. கடலைக் கண்ணால் பார்த்தவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனால் அது இரண்டாம் உலகப்போர்க் காலம். அதற்கு எழுபது, எண்பது வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்துக் கரையில் வரிசையில் நின்றவன் இன்னும் காத்திருக்கிறான்.

'அது முடிஞ்சுபோன கதை' என்று நினைத்தால், இன்னும் ஒன்று. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் வழியில் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைப் பிடித்து, அதில்தான் வந்தார்கள். அதில் இருந்த மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். சுதந்திர இந்தியாவில் அதிக விலை கொடுக்கவைத்த படகுத் திருட்டு அதுதான். பிறகு நாடு முழுக்க மீனவருக்கு அடையாள அட்டை, படகுக்கு ஒரே மாதிரி எண் என்று விதிகள் இறுகின. கோடியக்கரையிலிருந்தும் மல்லிப்பட்டினத்திலிருந்தும் போகும் படகுகளிலும் அந்த எண் பெரிதாக எழுதியிருக்கும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்தால், ஆட்கள் சில வாரத்தில் திரும்பிவிடலாம். படகு திரும்ப வேண்டுமென்றால் உரிமையாளர் அங்கே நீதிமன்றத்தில் ஆவணங்களோடு நின்று 'என்னுடையது' என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அரசுடைமை. அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து மீனவருக்கும் ஒரு கணக்கு உண்டு. நம் இழுவைமடியில் அறுந்துபோன வலைக்கு யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பது என்பது அவர் கேள்வி. இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசுகிறார்கள். நடுவில் இருப்பது கடலில் கிழித்த கோடு, காகிதத்தில் போட்ட கையெழுத்து.

பேப்பரில் இந்தச் செய்தி வரும்போதெல்லாம் நாம் வாளை உருவுகிறோம். 'சோழன் கப்பல் விட்ட கடல்' என்று மேடையில் முழங்குகிறோம். படகு மட்டும் ஏதோ ஒரு துறைமுகத்தில் மக்கிக்கொண்டிருக்கிறது.

இளம் எழுத்தாளர்கள் யாராவது கடல் நாவல் எழுதுவதாக இருந்தால் ஒரு சின்ன வேண்டுகோள். ராஜராஜனைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்க விடுங்கள். உங்கள் கப்பலில் ஒரு கணக்கப்பிள்ளையை ஏற்றுங்கள். துறைமுகத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தாவை உட்கார வையுங்கள். நீடாமங்கலம் சந்தைக்குப் போய்த் திரும்பாதவன் வரிசையில் வந்து நிற்கட்டும். குமாஸ்தா பேனாவைத் தொட்டுக்கொண்டு பெயர் கேட்கட்டும். அவன் தன் பெயரைச் சரியாகச் சொல்கிறான். குமாஸ்தா என்ன எழுதுகிறான் என்பதிலிருந்து முதல் அத்தியாயம் ஆரம்பிக்கலாம்.